அசைவை எங்கே வெட்டுவது?

அமெரிக்காவில் பிட்ஸ்பர்க் நகரிலுள்ள கார்னகி மெல்லன் பல்கலைக்கழகத்தின் அசைவுப் பதிவுக் கூடத்தில், உடலோடு ஒட்டிய கறுப்பு உடை அணிந்த ஒருவர் நடப்பார், ஓடுவார், குதிப்பார், காற்றில் குத்துச்சண்டை போடுவார். உடைமேல் 41 சிறிய மார்க்கர்கள். சுற்றிலும் 12 அகச்சிவப்புக் கேமராக்கள் நொடிக்கு 120 முறை அவற்றைப் பார்த்து, ஒவ்வொரு மார்க்கரும் அறையில் எங்கே இருக்கிறது என்று குறித்துக்கொள்ளும். ஓர் இடத்தைச் சொல்ல மூன்று எண்கள் வேண்டும். ஆக, நொடிக்கு 14,760 எண்கள்; ஒரு நிமிடப் பதிவில் 8,85,600 எண்கள்.

இத்தனை எண்களில் ஒன்றுகூட ‘நடை இங்கே முடிந்தது, ஓட்டம் இங்கே தொடங்கியது’ என்று சொல்லாது. பழைய ஓலைச்சுவடியைக் கையில் எடுத்தவரின் நிலைதான் கணினிக்கும். ஓலையில் சொல்லுக்குச் சொல் இடைவெளி விட்டு எழுதும் வழக்கமில்லை. மெய்யெழுத்துக்குப் பெரும்பாலும் புள்ளியும் வைப்பதில்லை. எங்கே பிரித்துப் படிப்பது என்பது படிப்பவர் பாடு. உடலசைவை இப்படிப் பிரித்துப் படிப்பதற்குக் கடந்த கால் நூற்றாண்டில் பலவகை அல்காரிதங்கள் வந்துவிட்டன. புதிதாக வரும் ஒவ்வொன்றும் முந்தையதைவிடத் தான் மேல் என்று எண்களைக் காட்டுகிறது. அந்த எண்களை எப்படிப் படிப்பது என்பதைத்தான் இந்த அத்தியாயத்தில் பார்க்கப்போகிறோம். என் தரப்பை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். எது ஒரு துண்டு, அது யாருக்குப் பயன்படப்போகிறது என்பதை முடிவுசெய்யாமல் இரண்டு அல்காரிதங்களை ஒப்பிடுவது வீண் வேலை. அளவுகோலைத் தேர்ந்தெடுப்பவரே வெற்றியாளரையும் தேர்ந்தெடுத்துவிடுகிறார்.

கணினிக்கு முன்னால் மனிதர்களைப் பார்ப்போம். 1973இல் டேரன் நியூட்சன் என்ற உளவியலாளர் ஓர் எளிய சோதனையை வெளியிட்டார். ஒருவர் ஏதோ வேலை செய்யும் படத்தைப் பார்க்க வேண்டும்; ஒரு செயல் முடிந்து அடுத்தது தொடங்குவதாகத் தோன்றும் போதெல்லாம் ஒரு பொத்தானை அழுத்த வேண்டும். அவ்வளவுதான். பார்த்தவர்கள் அழுத்திய இடங்கள் கணிசமாக ஒத்துப்போயின. ஆனால் அதே படத்தைப் பொடிப்பொடியாகப் பிரிக்கச் சொன்னால் அப்படியும் பிரித்தார்கள். பெரிய பெரிய பகுதிகளாகப் பிரிக்கச் சொன்னால் அப்படியும் பிரித்தார்கள். எதிர்பாராத ஏதாவது நடந்துவிட்டால், யாரும் சொல்லாமலேயே அதன்பின் இன்னும் நுணுக்கமாக வெட்டத் தொடங்கினார்கள். 2001இல் ஜெஃப்ரி சாக்ஸ், பார்பரா ட்வெர்ஸ்கி குழுவினர் இதைத் தொடர்ந்தபோது, சிறு துண்டுகளின் எல்லைகள் பெருந்துண்டுகளின் எல்லைகளோடு பொருந்தி உள்ளடங்குவதைக் கண்டார்கள். ‘காபி போட்டார்’ என்ற ஒரு துண்டுக்குள் ‘பாலை ஊற்றினார்’ அடக்கம். அதற்குள் ‘பாத்திரத்தைச் சாய்த்தார்’ அடக்கம். ஆக, எல்லை என்பது இருக்கிறது, மனிதர்கள் அதில் ஒத்தும் போகிறார்கள்; ஆனால் எந்த மட்டத்தில் வெட்டுவது என்பதை அசைவு சொல்வதில்லை, கேள்வி கேட்பவர் சொல்கிறார். இதை மனதில் வைத்துக்கொண்டு அல்காரிதங்களுக்குள் நுழையலாம்.

இருப்பதிலேயே எளியது திசைவேகத்தைப் பார்ப்பது. கையை நீட்டி ஒரு டம்ளரை எடுக்கும்போது, கை கிளம்பும் கணத்தில் வேகம் பூஜ்யம், நடுவழியில் உச்சம், டம்ளரைத் தொடும்போது மீண்டும் பூஜ்யம். பூஜ்யத்தில் வெட்டினால் ‘நீட்டுதல்’ ஒரு துண்டாகக் கிடைத்துவிடும். 2002இல் அஜோ ஃபோட், மாயா மட்டாரிச், சாட் ஜென்கின்ஸ் மூவரும் ரோபோக்களுக்குக் கையசைவுகளைக் கற்பிப்பதற்காக இந்த வழியை எடுத்தார்கள். தோள்பட்டையின் மூன்று கோணங்கள், முழங்கையின் ஒன்று என நான்கையும் கவனித்து, ஒன்றுக்கு மேற்பட்டவை ஏறத்தாழ ஒரே நேரத்தில் திசை மாறினால் அங்கே ஒரு வெட்டு. மின்னல் வேகத்தில் ஓடும், முன்கூட்டி எந்தப் பயிற்சியும் வேண்டாம், ஏன் அங்கே வெட்டியது என்று யாருக்கும் விளக்கிவிடலாம். இந்த மூன்று குணங்களுக்காகவே இது இன்றும் கைவிடப்படவில்லை.

அதன் பலவீனம் எங்கே என்று தெரிய, ஒரு பெரிய பாத்திரத்தில் கரண்டியால் கிண்டும் கையைப் பாருங்கள். கை வட்டமாகச் சுற்றுகிறது. இடம் வலமான அசைவை மட்டும் எடுத்தால் ஒரு சுற்றுக்கு இரண்டு முறை திசை மாறுகிறது; முன் பின் அசைவிலும் இரண்டு முறை. இரண்டையும் தனித்தனியாக எண்ணும் அல்காரிதம் ஒரு சுற்றை நான்காக வெட்டும். மொத்த வேகத்தை மட்டும் பார்க்கும் அல்காரிதமோ, கை எங்குமே நிற்காததால், பத்து நிமிடம் கிண்டினாலும் ஒரே துண்டு என்று சொல்லும். இரண்டுக்கும் அடிப்படை ஒன்றே: பூஜ்யத்தில் வெட்டு. பூஜ்யமாக வேண்டியது எது என்பதில்தான் வேறுபாடு.

நடுக்கம் இன்னும் பெரிய சோதனை. பார்க்கின்சன் நோயில் கை ஓய்வாக இருக்கும்போது வரும் நடுக்கம் பெரும்பாலும் நொடிக்கு 4 முதல் 6 முறை. ஒவ்வொரு ஆட்டத்திலும் வேகம் இருமுறை பூஜ்யத்தைக் கடக்கும். நொடிக்கு 5 முறை என்றே வைத்துக்கொண்டால், மடியில் சும்மா கிடக்கும் கையில் நொடிக்கு 10 எல்லைகள் முளைக்கும். வேகமான ஏற்ற இறக்கங்களை வடிகட்டி எறிந்தால் நடுக்கம் போகும்தான். ஆனால் வடிகட்டி எது நோய், எது அசைவு என்று அறியாது. சட்டென்று தொடங்கி நிற்கும் உண்மையான அசைவுகளின் ஓரங்களையும் அது மழுக்கிவிடும். ஆரோக்கியமான இளைஞர்களிடம் சோதித்து நல்ல மதிப்பெண் வாங்கிய ஓர் அல்காரிதத்தை அப்படியே மருத்துவமனைக்குக் கொண்டுபோவது எனக்கு எப்போதும் கவலை தரும் விஷயம். யாருக்கு அது அதிகம் தேவையோ அவர்கள் உடலில்தான் அது முதலில் தடுமாறும்.

பூஜ்யத்தில் வெட்டும் முறைக்கு வெகு பொருத்தமான அசைவும் ஒன்று உண்டு. பரதநாட்டிய அடவு. சொல்லுக்கட்டின் தட்டில் உடல் ஒரு நிலைக்கு வந்து கணநேரம் நிற்கிறது. அடுத்த தட்டுக்குள் அடுத்த நிலைக்குப் போய்விடுகிறது. கரக்பூர் ஐஐடியில் அடவுகளைக் கினெக்ட் கேமராவால் பதிவுசெய்து ஆய்ந்தவர்கள், தாளத்தின் ஒலியையும் உடலின் நிலையையும் சேர்த்தே கணக்கில் எடுத்தார்கள். நட்டுவனாரின் தட்டுக்கழி எல்லையைக் காதுக்குச் சொல்லிவிடும்போது கண்ணை மட்டும் நம்புவானேன்? ஆனால் அதே அடவை மூன்றாம் காலத்தில் ஆடும்போது நிற்கும் நேரம் சுருங்கிப்போகிறது. முதல் காலத்துக்கு வைத்த வரம்பு மூன்றாம் காலத்தில் எல்லைகளைத் தவறவிடும்.

இரண்டாவது வகை அல்காரிதங்கள் நிற்பதைத் தேடுவதில்லை, மாறுவதைத் தேடுகின்றன. 2004இல் யெர்னெய் பார்பிச், ஜெசிகா ஹாஜின்ஸ் உள்ளிட்ட கார்னகி மெல்லன் குழு செய்த ஒப்பீடு இதற்கு நல்ல உதாரணம். அவர்கள் எண்ணம் இது: நடக்கும்போது உடலின் மூட்டுகள் எல்லாம் தனித்தனியாகச் சுதந்திரமாக இயங்குவதில்லை. வலது கால் முன்னே போனால் இடது கை முன்னே வருகிறது. முழங்கால் மடங்கினால் கணுக்காலும் கூடவே மாறுகிறது. ஐம்பது அறுபது கோணங்களை ஐந்தாறு அச்சுகளில் சுருக்கிச் சொல்லிவிடலாம். இதற்கு முதன்மைக் கூறு பகுப்பாய்வு என்று பெயர். நடையிலிருந்து கற்ற அந்த ஐந்தாறு அச்சுகளைக் கொண்டு நடையை விவரித்தால் பிழை மிகக் குறைவு. அந்த ஆள் திடீரென்று குத்துச்சண்டைக்கு மாறினால் அதே அச்சுகள் போதாமல் பிழை எகிறும். எகிறும் இடத்தில் வெட்டு.

அந்தக் குழு மூன்று முறைகளை ஒரே பதிவுகளில் ஓட்டி, மனிதர்கள் கையால் குறித்த எல்லைகளோடு ஒப்பிட்டது. வெறும் பிழையைப் பார்ப்பது ஒன்று. அடுத்து வரும் ஃபிரேம்கள் இதுவரை வந்தவற்றின் பரவலுக்குள் வர எவ்வளவு வாய்ப்பு என்று நிகழ்தகவில் கணக்கிடுவது இன்னொன்று. முழுப் பதிவையும் கையில் வைத்துக்கொண்டு ஃபிரேம்களைக் கூட்டம் கூட்டமாகப் பிரிப்பது மூன்றாவது. நிகழ்தகவு முறை முன்னிலை பெற்றது. காரணம் புரியக்கூடியது: எந்தத் திசையில் எவ்வளவு விலகுவது இயல்பு என்பதும் அதற்குத் தெரியும், விலகல் இருக்கிறதா என்பதோடு அது நின்றுவிடுவதில்லை. ஆனால் இந்த வகை எதுவும் ஓர் அடிக்கும் அடுத்த அடிக்கும் நடுவே வெட்டாது. நடை முழுவதும் அதற்கு ஒரே துண்டு. அடிகளை எண்ண வேண்டிய உடலியக்க மருத்துவருக்கு இதனால் பயனில்லை. குத்துச்சண்டைக் காட்சியைத் தேடும் அனிமேஷன் கலைஞருக்கோ இதுவே தேவை. பூஜ்ய முறையையும் இதையும் ஒரே பட்டியலில் வைத்து மதிப்பெண் போடுபவர், இரண்டு வெவ்வேறு கேள்விகளுக்கான விடைகளை ஒரே விடைத்தாளாகத் திருத்துகிறார்.

மூன்றாவது வகை, திரும்ப வருவதைத் தேடுகிறது. இதில் ஒரு சங்கடம் உண்டு. 1920களில் மாஸ்கோவின் மத்திய உழைப்பு நிறுவனத்தில் நிக்கொலாய் பெர்ன்ஸ்டைன் தொழிலாளர்களின் சுத்தியலடியைப் படம்பிடித்து ஆராய்ந்தார். ஆயிரக்கணக்கான முறை அடித்துப் பழகிய கையிலும் ஓர் அடி இன்னோர் அடியைப் போல இல்லை. பாதை ஒவ்வொரு முறையும் சற்று மாறியது, அடி மட்டும் சரியாக விழுந்தது. இப்படிக் கூடிக் குறைந்து வரும் இரண்டு அசைவுகளை ஒன்றென அறிய, ஒன்றின் காலத்தை அங்கங்கே இழுத்தும் சுருக்கியும் மற்றதோடு பொருத்திப் பார்க்க வேண்டும். பேச்சை அறிவதற்காக ஜப்பானின் சகோவேயும் சிபாவும் 1978இல் செம்மைப்படுத்திய உத்தி அது. ஃபெங் ஜோ, ஃபெர்னாண்டோ டெ லா தோரே, ஹாஜின்ஸ் ஆகியோரின் அல்காரிதம் இதை எடுத்துக்கொண்டு, எங்கே வெட்டுவது, எந்தத் துண்டும் எந்தத் துண்டும் ஒரே இனம் என்ற இரண்டையும் சேர்த்தே தீர்க்கிறது.

இதன் கணக்கு மலைக்க வைக்கும். நொடிக்கு 120 ஃபிரேம் என்றால் ஒரு நிமிடத்துக்கு 7,200. நடுவே 7,199 இடைவெளிகள்; ஒவ்வொன்றிலும் வெட்டலாம், விடலாம். மொத்த வழிகளின் எண்ணிக்கையை எழுதினால் 2,168 இலக்கங்கள் வரும். எல்லாவற்றையும் முயன்று பார்க்க எந்தக் கணினியாலும் ஆகாது. ரிச்சர்ட் பெல்மன் 1950களில் வகுத்த இயங்கு நிரலாக்கம் இங்கே கைகொடுக்கிறது: ஐந்தாயிரமாவது ஃபிரேம் வரைக்குமான சிறந்த வெட்டு தெரிந்துவிட்டால், அதற்கு முன்னே நடந்ததைத் திரும்ப ஆராய வேண்டியதில்லை. நினைத்தே பார்க்க முடியாத வேலை சில நிமிட வேலையாகிவிடுகிறது. ஆனாலும் எத்தனை இனம் இருக்கிறது என்பதை நாம்தான் முன்கூட்டிச் சொல்ல வேண்டும். எமிலி ஃபாக்ஸும் கூட்டாளிகளும் உருவாக்கிய மறைநிலை மார்கோவ் மாதிரி அந்த எண்ணிக்கையையும் தரவிலிருந்தே ஊகித்துக்கொள்கிறது. இரண்டுமே முழுப் பதிவும் முடிந்தபின் உட்கார்ந்து பார்ப்பவை. எதிரே நிற்கும் மனிதர் கையை நீட்டும்போதே புரிந்துகொள்ள வேண்டிய ரோபோவுக்கு அவ்வளவு பொறுமை கிடையாது.

கடைசி வகை, மனிதர்கள் எல்லை குறித்துத் தந்த பதிவுகளைப் பார்த்துக் கற்கும் நரம்பியல் வலைப்பின்னல்கள். இப்போது போட்டியெல்லாம் இங்கேதான். இங்கேதான் அளவுகோலின் விளையாட்டும் அதிகம். ஒரு கணக்குப் போட்டே பார்த்துவிடலாம்.

60 நொடிப் பதிவு. ஆறு செயல்கள், ஒவ்வொன்றும் சரியாக 10 நொடி; நடுவே ஐந்து எல்லைகள். முதல் அல்காரிதம் ஆறையும் சரியாகக் கண்டுபிடிக்கிறது, ஆனால் ஒவ்வோர் எல்லையையும் ஒரு நொடி தாமதமாகப் போடுகிறது. தவறான நேரம் மொத்தம் 5 நொடி. துல்லியம் சுமார் 92 சதவீதம். இரண்டாவது அல்காரிதம் எல்லா எல்லைகளையும் இம்மி பிசகாமல் போடுகிறது. ஆனால் ஒவ்வொரு செயலின் நட்ட நடுவிலும் அரை நொடிக்குத் தடுமாறி வேறு பெயரைச் சொல்லிவிட்டுத் திரும்புகிறது. தவறு மொத்தம் 3 நொடி. துல்லியம் 95 சதவீதம். ஃபிரேம்களை எண்ணினால் இரண்டாவதே சிறந்தது.

துண்டுகளை எண்ணிப் பாருங்கள். முதலாவது ஆறு துண்டுகள் தந்தது. இரண்டாவது பதினெட்டு தந்தது. உண்மையான துண்டோடு பாதிக்கு மேல் பொருந்தினால்தான் சேர்த்தி என்று விதி வைத்தால், முதலாவதின் ஆறும் தேறிவிடும். இரண்டாவதில் 10 நொடிச் செயல் ஒவ்வொன்றும் 4.75 நொடி கொண்ட இரண்டு பாதிகளாக உடைந்து கிடக்கிறது. பொருத்தம் 47.5 சதவீதம். ஒன்றுகூடத் தேறாது. விதியை மாற்றி, எல்லை கால் நொடிக்குள் விழ வேண்டும் என்று சொல்லிப் பாருங்கள்: முதலாவதுக்கு ஐந்தில் பூஜ்யம், இரண்டாவதுக்கு ஐந்தும் சரி, கூடவே பன்னிரண்டு பொய் எல்லைகள். மூன்று அளவுகோல், மூன்று தீர்ப்பு. பதிவு அதேதான், அல்காரிதங்களும் அவையேதான். பான் பல்கலைக்கழகத்தில் யாசன் அபு ஃபர்ஹாவும் யூர்கன் காலும் 2019இல் தந்த பல அடுக்கு வலைப்பின்னலின் நோக்கமே இந்தத் தடுமாற்றத்தைக் குறைப்பது. முதல் அடுக்கின் விடையை அடுத்தடுத்த அடுக்குகள் திரும்பத் திரும்ப நேர்செய்யும். துல்லிய சதவீதத்தை மட்டும் பார்ப்பவருக்கு அந்த முன்னேற்றத்தின் முழு அளவு புலப்படாது.

யாரை வைத்துக் கற்பித்து யாரை வைத்துச் சோதிப்பது என்பதும் இதே அளவு முக்கியம். ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகம் 2014இல் வெளியிட்ட ஜிக்சாஸ் தரவில், டாவின்சி ரோபோவால் தையல் போடுவது, முடிச்சிடுவது போன்ற பயிற்சிகளை எட்டு அறுவை மருத்துவர்கள் திரும்பத் திரும்பச் செய்கிறார்கள். அதில் சோதிக்க இரண்டு வழிகள் வைத்தார்கள். ஒவ்வொருவரின் ஒரு முயற்சியை மட்டும் ஒதுக்கி வைப்பது ஒரு வழி. ஒரு மருத்துவரை முழுமையாகவே ஒதுக்கி வைப்பது மற்றது. முதல் வழியில், சோதனைக்கு வரும் கையை அல்காரிதம் ஏற்கெனவே நான்கு முறை பார்த்திருக்கும். முன்பின் பார்த்திராத கையைத் தந்தால்தான் அது கற்றது தையலையா, ஆளையா என்பது வெளிப்படும். ஒரு கட்டுரை எந்த வழியில் மதிப்பெண் வாங்கியது என்று நான் முதலில் பார்ப்பது இதனால்தான்.

இதுவரை சொன்ன எல்லா அல்காரிதங்களுக்கும் பொதுவான ஓர் அனுமானம் உண்டு: ஒரு துண்டு முடிந்துதான் அடுத்தது தொடங்கும். உடல் அப்படி நடந்துகொள்வதில்லை. நாற்காலியிலிருந்து எழுந்து, மூன்று மீட்டர் நடந்து, திரும்பி வந்து உட்காரும் எளிய சோதனை ஒன்று 1991 முதல் முதியோர் மருத்துவத்தில் புழங்குகிறது. நலமாக இருப்பவர் திரும்பும்போது தலை முதலில் திரும்புகிறது, பிறகு தோள், பிறகு இடுப்பு. கால்கள் இன்னும் முன்னோக்கி நடந்துகொண்டிருக்கும். நடையும் திரும்பலும் ஒன்றன்மேல் ஒன்று ஏறிக் கிடக்கின்றன. பார்க்கின்சன் நோயாளிகள் பலர் உடலை ஒரே கட்டையாகத் திருப்புகிறார்கள். அங்கே எல்லை தெளிவாகத் தெரிகிறது. அல்காரிதத்துக்கு வேலை எளிது. உடல் நலமாக இருக்க இருக்க எல்லை மங்குகிறது.

மசாசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் நெவில் ஹோகன், ஹெர்மானோ கிரெப்ஸ் குழு இதைப் பக்கவாதம் வந்தவர்களின் கையில் கண்டது. நலமான கை ஓரிடத்திலிருந்து இன்னோர் இடத்துக்கு நகரும்போது வேகத்தின் வரைபடம் ஒரே ஒரு மணி வடிவம். தாமார் ஃபிளாஷும் ஹோகனும் 1985இல் அதற்குக் கணித வடிவம் தந்திருந்தார்கள். பக்கவாதத்துக்குப் பின் நோயாளி கையை முதலில் அசைக்கத் தொடங்கும்போது அந்த ஒற்றை மணி இல்லை. சிறு சிறு மணிகள் வரிசையாக, விட்டுவிட்டு வருகின்றன. பயிற்சி தொடரத் தொடர அவை எண்ணிக்கையில் குறைகின்றன, பெரிதாகின்றன, ஒன்றோடொன்று கலக்கின்றன. பிராண்டன் ரோரர் முதலானோர் 2004இல் இதை எழுதினார்கள். கை தேறிவருவதன் அடையாளமே துண்டுகள் கரைவதுதான்.

அப்படியானால் ஒன்றன்மேல் ஒன்று ஏறிக்கிடக்கும் மணிகளைப் பிரித்தெடுக்கும் அல்காரிதம் வேண்டும். கைக்கெட்டும் வழி ஒன்று உண்டு: வரைபடத்தில் மிக உயரமான இடத்தைக் கண்டுபிடி, அங்கே ஒரு மணியைப் பொருத்து, அதைக் கழித்துவிடு, மிச்சத்தில் அடுத்த உயரத்தைத் தேடு. ஒரே அளவுள்ள இரண்டு மணிகள் பாதி ஏறிக்கிடப்பதாக வைத்துக்கொண்டு இதை ஓட்டிப் பாருங்கள். இரண்டும் கூடும் நடுவில்தான் உயரம் அதிகம். உண்மையில் எந்த மணியின் உச்சமும் இல்லாத அந்த இடத்தில் அல்காரிதம் ஒரு பெரிய மணியை நடுகிறது. கழித்தபின் இரு ஓரங்களிலும் மிஞ்சும் சிறு மேடுகளுக்கும் ஆளுக்கொரு மணி. இரண்டு இருந்த இடத்தில் மூன்று! மூன்றும் பொய். வரைபடத்தோடு அழகாகப் பொருந்தவும் செய்யும் என்பதால் பொய் வெளியே தெரியாது.

ரோரரும் ஹோகனும் 2003இல் இந்த ஆபத்தை எடுத்துக்காட்டி, சாத்தியமான எல்லா அமைப்புகளையும் கிளை கிளையாகப் பிரித்து, உதவாத கிளைகளை வெட்டிக்கொண்டே போய்ச் சிறந்ததை உறுதியாகக் கண்டடையும் அல்காரிதத்தைத் தந்தார்கள். மணிகள் கூடினால் அதற்கு நேரம் தாங்கவில்லை. 2006இல் அவர்கள் தந்த மாற்று, தற்செயலாகத் தேர்ந்த பல தொடக்கப் புள்ளிகளிலிருந்து தேடி, கிடைத்தவற்றுள் சிறந்ததை எடுத்துக்கொள்கிறது. உறுதி சற்றுக் குறைவு, வேகம் மிக அதிகம். இரண்டுக்கும் நடுவே தேர்ந்தெடுப்பவர் கணினி நேரத்தை மட்டும் பார்க்கக் கூடாது. நோயாளியின் கை இரண்டு மணிகளைக் கலக்கக் கற்றுக்கொண்ட வாரத்தில் அல்காரிதம் மூன்று என்று எண்ணினால், தேறிவரும் கை மோசமாகிவருவதாக மருத்துவரின் திரையில் தெரியும்.